ஓய்வுக்குப் பின் அயல்நாட்டுத் தொண்டு: அழைப்பவர் யார்?

பணி ஓய்வு பெற்றவர்கள் சொந்த நாட்டைவிட்டு வேறொரு நாட்டுக்குச் சென்று, ஊதியம் எதிர்பாராமல் சில வாரங்களோ சில ஆண்டுகளோ உழைத்துத் திரும்பும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்கொண்டு, இன்று ஜெர்மனி, ஜப்பான், நெதர்லாந்து, கனடா போன்ற நாடுகளின் வளர்ச்சி உதவிக் கொள்கையில் ஓர் அங்கமாகவே நிலைத்திருக்கிறது. இதைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் பெரும்பாலும் செல்பவரின் பக்கம் நின்றே பேசுகின்றனர். முதுமையின் தனிமை தீரும், உடலும் மனமும் சோர்வடையாமல் இருக்கும், எஞ்சிய காலத்துக்கு ஒரு பொருள் கிடைக்கும் என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இவற்றில் உண்மை உண்டு. ஆயினும் ஒருவர் செய்வது தொண்டுதானா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதைப் பெறுபவருக்கே உரியது என்பதால், அந்த முதியவரை அங்கே அழைத்தவர் யார், எந்த வேலைக்காக அழைத்தார் என்ற கேள்வியே எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கப்பட வேண்டும். இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இருந்த இடங்களில் முதியோரின் அயல்நாட்டுத் தொண்டு பயன் தந்திருக்கிறது. விடை இல்லாத இடங்களில் அது சுற்றுலாவாகவோ, சில வேளைகளில் தீங்காகவோகூட முடிந்திருக்கிறது.

அயல்நாட்டுத் தன்னார்வத் தொண்டு அமைப்புகள் முதலில் முதியோரை நினைத்துத் தொடங்கப்பட்டவை அல்ல. பிரிட்டனில் அலெக் டிக்சனும் அவருடைய மனைவி மோராவும் 1958இல் தொடங்கிய ‘வாலன்டரி சர்வீஸ் ஓவர்சீஸ்’ பள்ளிப்படிப்பை முடித்த பதினெட்டு வயதினரையே முதலில் அனுப்பியது. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி 1961 மார்ச் 1 அன்று ஆணையிட்டு உருவாக்கிய ‘பீஸ் கோர்’ அமைப்பும் கல்லூரியை விட்டு வெளிவந்த இளைஞர்களின் அமைப்பாகவே மக்கள் மனத்தில் பதிந்தது. தொழில் அனுபவம் முதிர்ந்தவர்களை அனுப்பும் மரபு இதற்குச் சற்றுப் பின்னர், தனி வழியில் பிறந்தது. அமெரிக்கத் தொழிலதிபர்கள் சேர்ந்து 1964இல் ஓய்வுபெற்ற நிர்வாகிகளை வளரும் நாடுகளின் நிறுவனங்களுக்கு அனுப்பும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். கனடா 1967இலும் பிரிட்டன் 1972இலும் அதைப் பின்பற்றின. நெதர்லாந்தில் ‘பூம்’ என்ற அமைப்பு 1978இலும், ஜெர்மனியின் பான் நகரில் ‘சீனியர் எக்ஸ்பர்ட்டன் சர்வீஸ்’, அதாவது மூத்த வல்லுநர் சேவை, 1983இலும் தோன்றின. ஜப்பான் 1965 முதல் இளைஞர்களை அனுப்பிவந்தது. நாற்பது முதல் அறுபத்தொன்பது வயது வரையிலானவர்களுக்கான தனித் திட்டத்தை 1990இல் அது தொடங்கியது. இளைஞர் மரபு, வல்லுநர் மரபு என்ற இந்த இரண்டும் பின்னாளில் ஒன்றிலொன்று கலந்தன. என்றாலும் அவற்றின் அடிப்படை வேறுபாடு இன்றும் மறையவில்லை. இளைஞர் மரபு அனுப்பும் நாட்டின் இலட்சியத்திலிருந்து தொடங்குகிறது. வல்லுநர் மரபு பெறும் இடத்தின் தேவையிலிருந்து தொடங்குகிறது.

இளைஞர்களுக்கென அமைந்த மரபுக்குள் ஒரு முதியவர் நுழைந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு இந்திய மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், ஜார்ஜியா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த பயிற்சி பெற்ற செவிலியர். 1953இல் கணவரை இழந்தவர். தன்னார்வத் தொண்டுக்கு வயது தடையில்லை என்று தொலைக்காட்சியில் வந்த பீஸ் கோர் விளம்பரத்தைக் கண்டு 1966இல் விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 68. பயிற்சிக்குப் பின் அவர் பம்பாயின் புறநகரான விக்ரோலிக்கு, கோத்ரெஜ் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார். அன்றைய இந்திய அரசும் அமெரிக்க உதவி அமைப்புகளும் பெரிதும் வலியுறுத்திய குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரமே அவருக்கு முதலில் ஒதுக்கப்பட்ட வேலை. அவரது மனம் அதில் ஒட்டவில்லை. குடியிருப்பின் மருத்துவமனைக்கு மாறி, அங்கிருந்த இந்திய மருத்துவரின் கீழ்ச் செவிலியராக, தொழுநோயாளிகள் உள்ளிட்ட ஏழை நோயாளிகளைக் கவனிக்கும் பணியை மேற்கொண்ட பின்னரே அவருடைய இருப்பு அங்குள்ளவர்களுக்குப் பயன்பட்டது. அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1977இல் நூலாக வெளிவந்தன. ஐம்பது வயதைக் கடந்து தொண்டாற்றியவர்களுக்கு அவர் பெயரால் பீஸ் கோர் ஒரு விருதையும் நிறுவியது.

அதிபரின் தாய் என்ற பிற்காலப் புகழின் ஒளியில் இந்த வரலாற்றின் முக்கியமான கூறு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வெகு தொலைவிலுள்ள தலைநகரங்களில் முடிவுசெய்யப்பட்ட வேலை அந்த மூதாட்டியின் கையில் பொருந்தவில்லை. உள்ளூர் மருத்துவர் ஒருவருக்கு உண்மையாகவே வேண்டியிருந்த வேலை பொருந்தியது. அந்த வேலைக்கு வேண்டிய திறமையை அவர் விமானத்தில் ஏறுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பெற்றிருந்தார். வயதில் மூத்தவராயினும், செல்வ நாட்டிலிருந்து வந்தவராயினும், உள்ளூர் மருத்துவர் சொன்னதைக் கேட்டு நடக்கும் இடத்தில் அவர் தம்மை வைத்துக்கொண்டார் என்பது எல்லாவற்றிலும் பெரிது. முதியோரின் அயல்நாட்டுத் தொண்டு வெற்றிபெறத் தேவையான மூன்றும், அதாவது உள்ளூரின் தேவை, முன்பே கைவந்த தொழில், பிறர் சொல்லுக்குக் கட்டுப்படும் மனம் ஆகிய மூன்றும், விக்ரோலியில் ஒருவாறு தற்செயலாகக் கூடிவந்தன. தற்செயலாகக் கூடியதை முறையாகக் கூட்டுவிப்பதே நல்ல அமைப்பின் வேலை.

ஜெர்மனியின் மூத்த வல்லுநர் சேவை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்நாட்டின் தொழில் கூட்டமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய அறக்கட்டளை அது. அரசின் பொருளாதார ஒத்துழைப்பு அமைச்சகத்தின் நிதியும் அதற்குக் கிடைக்கிறது. பேக்கரிக் கைவினைஞர், தச்சர், கடைசல் தொழிலாளி, ஆய்வகப் பணியாளர், செவிலியர், பொறியாளர் என்று பல துறைகளைச் சேர்ந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் தம் பெயரைப் பதிந்துவைத்திருக்கின்றனர். பெயரைப் பதிந்தவுடன் யாரும் அனுப்பப்படுவதில்லை. ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ தென் அமெரிக்காவிலோ உள்ள ஒரு சிறு தொழிற்சாலை, தொழிற்பயிற்சி நிலையம், மருத்துவமனை அல்லது ஊராட்சி அமைப்பு தன் சிக்கல் இன்னது என்று எழுதி விண்ணப்பித்த பின்பே, அந்தச் சிக்கலுக்குப் பொருந்தும் ஒருவரைப் பதிவேட்டில் தேடுகின்றனர். பணி மூன்று வாரம் முதல் அதிகபட்சம் ஆறு மாதம் வரை நீளும். வல்லுநருக்கு ஊதியம் இல்லை. தங்கும் இடம், உணவு, உள்ளூர்ப் பயணம், கைச்செலவு ஆகியவற்றை இயன்றவரை அழைத்தவர்களே ஏற்கின்றனர். வசதி குறைந்த ஒரு நிறுவனம் தன் பணத்தில் ஒரு பங்கைச் செலவிட்டு ஒருவரை வரவழைக்கிறது என்றால், அந்தத் தேவை மெய்யானது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. செலவைச் சுமந்தவருக்கு வந்தவரைக் கேள்வி கேட்கும் துணிவும் இயல்பாக வந்துவிடுகிறது.

இந்த முறையில் இன்னொரு நீதியும் அடங்கியிருக்கிறது. தொண்டுக்குச் செல்பவரே விமானக் கட்டணம் முதல் காப்பீடு வரை எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்றால், பெரிய ஓய்வூதியம் உள்ள மேலாளரும் மருத்துவரும் மட்டுமே செல்ல முடியும். நாற்பது ஆண்டுகள் இழைப்புளி பிடித்த தச்சரால் செல்ல முடியாது. வளரும் நாடுகளின் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு மேலாளரைவிடத் தச்சரே பல வேளைகளில் தேவைப்படுகிறார்.

முதியவரின் கையில் உள்ள அறிவு

ஒரு தொழிலைப் பற்றிய கையேடுகளும் காணொளிகளும் உலகெங்கும் கைப்பேசியில் கிடைக்கும் காலத்தில், ஒரு முதியவர் ஆயிரக்கணக்கான மைல் பறந்து போய்க் கற்பிக்க என்ன இருக்கிறது என்ற ஐயம் எழுவது இயல்பே. இதற்கான விடையை ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த சிந்தனையாளர் மைக்கேல் பொலானி தந்திருக்கிறார். வேதியியலாளராக இருந்து மெய்யியலுக்கு வந்த அவர் 1966இல் வெளியிட்ட நூலில், மனிதரின் அறிவில் ஒரு பெரும்பகுதி முழுமையாகச் சொல்லில் எடுத்துரைக்க முடியாதது என்று வாதிட்டார். அதை உள்ளுறை அறிவு எனலாம். பிசைந்த மாவு பதமாகிவிட்டதா என்பதை விரல் அறிகிறது. கடைசல் எந்திரத்தின் ஒலி மாறியவுடன் கருவி மழுங்கிவிட்டதென்று காது அறிகிறது. குழந்தையின் தலை எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மகப்பேற்றுச் செவிலியரின் கை அறிகிறது. இத்தகைய அறிவு பக்கத்தில் நின்று பார்த்து, செய்து, தவறி, திருத்தப்பட்டுத்தான் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும். நீண்ட காலம் ஒரே தொழிலைச் செய்தவரிடம் அது மிகுதியாக இருக்கும் என்பதே ஓய்வுபெற்றவரை அனுப்புவதற்கான வலுவான நியாயம்.

ஓய்வுபெற்றவரின் அறிவு காலாவதியானது என்பது அடுத்து எழுப்பப்படும் எதிர்ப்பு. கணினித் துறையிலும் மருந்தியலிலும் இது பெரும்பாலும் சரியே. ஆனால் உலகின் பல சிறு தொழிற்சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை செல்வ நாடுகள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கழித்துவிட்ட எந்திரங்கள். அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த இளைஞர் இன்று ஐரோப்பாவில் கிடைப்பது அரிது. அவற்றோடு தம் இளமையைக் கழித்தவர்களுக்கே அது தெரியும். ஒரு சமூகத்தில் பயனற்றதாகிவிட்ட அறிவு இன்னொரு சமூகத்தில் அன்றாடத் தேவையாக இருப்பது இத்தொண்டுக்கு மட்டுமே உரிய தனிச்சிறப்பு.

மூப்புக்கு இன்னொரு வலிமையும் உண்டு. ஆசிய, ஆப்பிரிக்கச் சமூகங்கள் பலவற்றில் நரைத்த தலைக்குக் கிடைக்கும் மதிப்பு, இருபத்திரண்டு வயது அயல்நாட்டு இளைஞருக்குக் கிடைப்பதில்லை. தொழிற்சாலை உரிமையாளரும் பள்ளித் தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் அவரிடம் தயக்கமின்றிப் பேசுகின்றனர். ஆனால் இந்த மதிப்பே இத்தொண்டின் மிகப் பெரிய இடராகவும் இருக்கிறது என்பதைப் போதிய அளவில் யாரும் பேசுவதில்லை. மூத்தவர் சொல்லை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று கருதப்படும் இடத்தில், வந்தவர் கூறும் யோசனை அந்த ஊரின் மின்தடைக்கோ தண்ணீருக்கோ சந்தை விலைக்கோ ஒவ்வாது என்று தெரிந்தும், கேட்பவர்கள் தலையசைத்துவிட்டு, அவர் புறப்பட்டவுடன் பழைய வழிக்கே திரும்பிவிடுகின்றனர். தம் நிறுவனத்தில் பல ஆண்டுகள் கட்டளையிட்டுப் பழகியவர் இந்தத் தலையசைப்பை உடன்பாடு என்று எடுத்துக்கொள்வார். ஆதலால் அனுப்பும் அமைப்புகள் வல்லுநரின் தொழில்திறனைச் சோதிப்பதோடு நில்லாமல், அவர் கேட்கத் தெரிந்தவரா என்பதையும் சோதிக்க வேண்டும். பணி முடிந்த பின்பு அழைத்த தரப்பின் மதிப்பீட்டை, வந்தவர் அருகில் இல்லாத வேளையில், கீழ்நிலைப் பணியாளர்களிடமிருந்தும் பெற வேண்டும். முதல் வாரம் முழுவதும் எதையும் மாற்றச் சொல்லாமல் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்க முடியாதவர், எவ்வளவு பெரிய வல்லுநராயினும், இப்பணிக்கு ஏற்றவர் அல்லர்.

எவ்வளவு காலம் தங்க வேண்டும் என்பதில் அமைப்புகள் ஒத்துப்போவதில்லை. பீஸ் கோரின் வழக்கமான பணிக்காலம் பயிற்சியையும் சேர்த்து 27 மாதங்கள். ஜப்பானின் திட்டத்திலும் இரண்டு ஆண்டுகள் என்பதே பொதுவான அளவு. நெதர்லாந்தின் வல்லுநர்களோ இரண்டு வாரத்தில் திரும்பிவிடுகின்றனர். பழுதான உற்பத்தி முறை ஒன்றைச் சீராக்க இரண்டு மூன்று வாரங்கள் போதுமானவை. கற்பித்தல், நோயாளர் பராமரிப்பு, சமூகப் பணி ஆகியவற்றுக்கு மொழி வேண்டும். மொழிக்குக் காலம் வேண்டும். அறுபதைக் கடந்தவருக்கு அந்தக் காலம் இன்னும் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் சில வாரங்கள் என்று மீண்டும் மீண்டும் செல்பவர், சென்ற முறை சொன்னதில் எது நிலைத்தது, எது கைவிடப்பட்டது என்பதைத் தம் கண்ணால் கண்டு, தம் யோசனையைத் தாமே திருத்திக்கொள்ள முடியும். ஐந்து நாடுகளுக்கு ஒருமுறை செல்வதைவிட ஒரு நாட்டுக்கு ஐந்து முறை செல்வது மேலானது.

விலைக்கு விற்கப்படும் தொண்டு

இவற்றுக்கெல்லாம் நேர்மாறாக, அண்மைப் பத்தாண்டுகளில் தொண்டையே பயணப் பொருளாக்கி விற்கும் ஒரு வணிகம் வளர்ந்திருக்கிறது. தொண்டுச் சுற்றுலா என்று இதைக் குறிப்பிடலாம். கட்டணம் செலுத்தும் எவரும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசலாம், குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கலாம், விலங்குகளைப் பராமரிக்கலாம். மாலையில் கடற்கரை, வார இறுதியில் சுற்றிப்பார்த்தல். தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு விற்கப்பட்ட இத்தொகுப்புகள், கையில் சேமிப்பும் ஓய்வும் உள்ளவர்கள் என்பதால் இப்போது ஓய்வுபெற்றவர்களையும் தேடிவருகின்றன. இங்கே அழைப்பவர் யாரும் இல்லை. கட்டணம் செலுத்துபவரே தமக்கான தேவையை உருவாக்கிக்கொள்கிறார். அந்தச் சுவருக்கு வண்ணம் பூசி அன்றைய கூலியைப் பெற்றிருக்கக்கூடிய உள்ளூர்த் தொழிலாளியின் வேலையும் அதில் பறிபோகிறது.

இதன் மிகக் கொடிய வடிவம் அனாதை இல்லங்களைச் சுற்றி வளர்ந்தது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ முக்கால் பங்கு பெருகியது. அவற்றில் வாழ்ந்த குழந்தைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர் என்பதும் ஆய்வில் வெளிப்பட்டது. நன்கொடையும் கட்டணமும் தரும் அயல்நாட்டவர் வந்துகொண்டே இருந்ததால், ஏழைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுவந்து இல்லங்களை நிரப்புவது ஒரு தொழிலானது. வாரந்தோறும் புதிய முகங்களிடம் ஒட்டி, வாரந்தோறும் பிரியும் குழந்தையின் மனம் அடையும் பாதிப்பைக் குழந்தை உளவியலாளர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வந்திருக்கின்றனர். ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டத்தை இயற்றுவதற்கு முன் நடத்திய நாடாளுமன்ற விசாரணை இச்சுரண்டலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் குறித்த தீர்மானமும் அனாதை இல்லத் தன்னார்வத் தொண்டின் தீங்கைக் குறிப்பிட்டது. பேரக்குழந்தைகள் தொலைவில் வாழும் முதியவருக்குக் குழந்தைகள் நிறைந்த இல்லம் ஒன்று எவ்வளவு ஈர்ப்புடையதாக இருக்கும் என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. அந்த அன்பு மெய்யானது என்பதாலேயே, அதை முதலீடாக்கும் வணிகத்தைக் குறித்து முதியோர் மற்றவர்களைவிடக் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். குழந்தைகள் வாழும் இல்லங்களில் குறுகிய காலத் தொண்டு செய்ய எவரும் செல்லக் கூடாது.

கத்தோலிக்கப் பாதிரியாராகவும் சிந்தனையாளராகவும் விளங்கிய இவான் இல்லிச், 1968இல் மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில், அங்குத் தொண்டாற்ற வந்திருந்த அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேராகவே, அவர்கள் தங்கள் நல்லெண்ணத்தோடு திரும்பிப் போய்விட வேண்டும் என்று உரையாற்றினார். பார்க்கவும் படிக்கவும் வரலாம், உதவ வரக்கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. அந்த உரையின் கடுமையில் ஒரு பங்கு நியாயம் இன்றும் நிற்கிறது. எனினும் இல்லிச் எதிர்கொண்டவர்கள், எந்தத் தொழிலும் இன்னும் கைவராதவர்கள், தங்கள் சமூகத்தின் வாழ்க்கைமுறையைத் தவிர வேறெதையும் கற்பிக்க இயலாதவர்கள். குறிப்பிட்ட ஒரு திறனுக்காக, குறிப்பிட்ட ஒருவரால் அழைக்கப்பட்ட செவிலியருக்கும் கடைசல் தொழிலாளிக்கும் அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது.

உடலும் காப்பீடும்

வயதுக்கு மேல்வரம்பு வைக்கலாமா என்பது ஒவ்வோர் அமைப்பும் தனக்குள் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி. ஜப்பான் 69 என்று வரையறுத்தது. பீஸ் கோருக்கு மேல்வரம்பே இல்லை, ஆனால் கடுமையான மருத்துவத் தகுதிச் சோதனை உண்டு. பிறந்த ஆண்டைப் பார்த்துக் கதவை மூடுவதைவிட உடலைப் பார்த்து முடிவெடுப்பதே நேர்மையானது. ஆனால் அந்தச் சோதனை மெய்யாகவே நடக்க வேண்டும். அமைப்பும் செல்பவரும் அதை வெறும் சடங்காகக் கருதினால், மருத்துவ வசதி குறைந்த ஊரில் அயல்நாட்டு முதியவர் ஒருவர் நோயுறும்போது, அங்கிருக்கும் சிறு மருத்துவமனையின் படுக்கையும் பணியாளரும் வாகனமும் அவருக்காகத் திரும்ப நேரிடும்.

சில செய்திகளைச் செல்பவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்குச் செல்ல மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். அது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள நோய்க்கிருமியால் ஆனது என்பதால், அறுபது வயதைக் கடந்து முதன்முறையாக அதைப் போட்டுக்கொள்பவர்களுக்கு, அரிதாகவே எனினும், கடும் பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு இளையோரைவிட அதிகம். மலேரியாத் தடுப்பு மருந்துகளில் சில, இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்கு மருந்து உண்பவர்களுக்கு ஒவ்வாதவை. அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், நாட்டின் எல்லைக்கு வெளியே பெறும் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை. பயணக் காப்பீட்டு நிறுவனங்கள் வயது ஏற ஏறக் கட்டணத்தை உயர்த்துகின்றன, முன்பே உள்ள நோய்களை விலக்கிவிடுகின்றன. நோயுற்றவரை விமானத்தில் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் ஒரு முதியவரை அனுப்பும் அமைப்பு, தொண்டு அமைப்பு என்ற பெயருக்கு உரியதன்று.

செல்பவர் அடையும் நன்மையைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். உளவியலாளர் எரிக் எரிக்சன், மனித வளர்ச்சியை எட்டுப் பருவங்களாகப் பகுத்தபோது, நடுவயதின் மையமாக அடுத்த தலைமுறையை உருவாக்கிவிட்டுச் செல்லும் வேட்கையை வைத்தார். ஆயுள் நீண்டுவிட்ட இக்காலத்தில் அந்த வேட்கை ஓய்வுக்குப் பிந்தைய ஆண்டுகளிலும் தொடர்கிறது. தன்னார்வத் தொண்டில் ஈடுபடும் முதியோரிடம் மனச்சோர்வு குறைவாகவும் உடல்நலம் மேலாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் நலமாக இருப்பவர்களே தொண்டுக்கு முன்வருகிறார்கள் என்பதால், எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதன்று. தம் தனிமைக்கு மருந்து தேடிச் செல்பவர் தமது ஊரிலேயே அதைத் தேடுவதுதான் நல்லது. மொழி தெரியாத ஊரில் தனிமை பெருகவே செய்யும்.

தமிழர்களுக்கு நெருங்கிய ஒரு களமும் உண்டு. இலங்கையில் 1983 ஜூலை வன்முறைக்குப் பின்னரும் அடுத்துவந்த போர் ஆண்டுகளிலும் புலம்பெயர்ந்து பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய தமிழ் மருத்துவர்கள், ஆசிரியர்கள், பொறியாளர்கள் ஒரு பெரும் தலைமுறையாக இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கின்றனர். 2009இல் போர் முடிந்த பின், இவர்களில் பலர் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் மட்டக்களப்புக்கும் சில வாரங்கள் சென்று மருத்துவம் பார்ப்பதும் பயிற்சியளிப்பதும் வழக்கமாகியிருக்கிறது. மற்ற அயல்நாட்டுத் தன்னார்வலர்களுக்கு இல்லாத மொழியும் உறவும் இவர்களிடம் உண்டு. இவர்கள் கடக்க வேண்டிய தடையும் வேறு வகையானது. நினைவில் இருக்கும் ஊர் இப்போது அங்கே இல்லை; போர்க்காலம் முழுவதும் அங்கேயே இருந்து, மருந்தும் மின்சாரமும் இல்லாத மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் தாங்கிப்பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வகுக்கும் முன்னுரிமைக்குப் பின்னால் நிற்பதே வெளியிலிருந்து வருபவருக்குரிய இடம்.

தமிழ்நாடும் இக்கேள்வியை நெடுநாள் ஒதுக்கிவைக்க முடியாது. 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இம்மாநில மக்கள்தொகையில் அறுபதைக் கடந்தோர் ஏறத்தாழ 13.6 விழுக்காடு, இந்திய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். ஓய்வுக்குப் பிந்தைய உழைப்பு எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு மதுரையே சான்று தருகிறது: 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பின்னர் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் கண் மருத்துவப் பணியாளர்கள் வந்து பயிலும் இடமானது. அயல்நாடு சென்றுதான் உலகுக்கு உதவ வேண்டும் என்பதில்லை என்பதையும் அவ்வரலாறு உணர்த்துகிறது. எனினும் அழைப்பு வரும்போது செல்வதற்கு ஒரு வழி வேண்டும். இந்திய அரசு 1964 முதல் ஐடெக் என்ற தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ் அயல்நாட்டவருக்குப் பயிற்சியும், கேட்கும் நாடுகளுக்கு வல்லுநர்களையும் வழங்கிவருகிறது. அதனோடு இணைந்து, ஓய்வுபெற்ற செவிலியர், கால்நடை மருத்துவர், பாலிடெக்னிக் ஆசிரியர், நெசவு, வார்ப்படம், மோட்டார் பம்பு ஆகிய துறைகளின் தொழிலாளர் ஆகியோரின் பதிவேடு ஒன்றைத் தமிழ்நாடு உருவாக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையை நடத்திய அனுபவம், மின்தடையும் உதிரிபாகத் தட்டுப்பாடும் அன்றாடமாக உள்ள கிழக்கு ஆப்பிரிக்கப் பட்டறைக்கு, ஐரோப்பியப் பெருந்தொழிற்சாலை அனுபவத்தைவிட நெருக்கமானது. அமெரிக்க அரசின் அயல்நாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025இல் கலைக்கப்பட்டு, அதன் நிதியில் நடந்த பல தொழில்நுட்ப உதவிப் பணிகளும் நின்றுபோன நிலையில், வளரும் நாடுகள் தமக்குள் கைகொடுத்துக்கொள்ள வேண்டிய தேவை முன்னைவிடக் கூடியிருக்கிறது.

பதிவேடு வரும்வரை காத்திராமல், தாமே ஓர் அமைப்பின் வழியாகப் புறப்பட நினைக்கும் ஓய்வுபெற்றோர், பணம் கட்டுவதற்கு முன்பு, செல்லவிருக்கும் இடத்திலிருந்து வந்த வேண்டுகோள் கடிதத்தைக் காட்டும்படி கேட்க வேண்டும். என்ன வேலை, யாருடைய பொறுப்பின் கீழ், எத்தனை நாளுக்கு, முடிந்தபின் அதைத் தொடரப்போகும் உள்ளூர்க்காரர் யார் என்ற நான்கும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படியொரு கடிதத்தைக் காட்ட முடியாத அமைப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.